கிளவுடுக்குப் போகும் வங்கிகள்: வெள்ளிமலை வரை வேகம் எட்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேள்விப்படும் சொற்களில் ஒன்று "கிளவுட்". மொபைலில் எடுத்த போட்டோவை வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம், இங்கே டைப் செய்த கடிதத்தை வேறு ஊரில் திறக்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். இதே தொழில்நுட்பம் உங்கள் சேமிப்புக் கணக்கையும் தொடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. வங்கிகள் ஏன் கிளவுடை விரும்புகின்றன? கள்ளக்குறிச்சியில் கணக்கு வைத்திருப்பவருக்கும், கல்வராயன் மலையில் கூலிப் பணம் எடுக்க வரிசையில் நிற்பவருக்கும் இதனால் என்ன லாபம், என்ன ஆபத்து? இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம். கம்ப்யூட்டர் அறிவு அதிகம் தேவையில்லை. பாஸ்புக் வைத்திருந்தால் போதும்!

1. லெட்ஜரிலிருந்து சர்வருக்கு

ஒரு காலத்தில் வங்கிக் கணக்கு என்பது ஒரு தடித்த லெட்ஜரில் ஒரு பக்கம். கள்ளக்குறிச்சிக் கிளையில் கணக்கு என்றால் அந்த லெட்ஜர் கள்ளக்குறிச்சியில்தான் இருக்கும். சேலத்தில் நின்றுகொண்டு அந்தப் பணத்தை எடுக்க முடியாது.

வங்கிகளில் கம்ப்யூட்டர் நுழைய வழிகாட்டியவை ரங்கராஜன் தலைமையிலான குழுக்கள் 1984-லும் 1989-லும் அளித்த அறிக்கைகள். முதலில் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாகக் கம்ப்யூட்டர் வந்தது. லெட்ஜர் கம்ப்யூட்டருக்குள் போனதே தவிர, அதே கிளையை விட்டு வெளியே வரவில்லை.

2000-க்குப் பிறகு வேகமாகப் பரவியது "கோர் பேங்கிங்". இதில் எல்லாக் கிளைகளின் கணக்குகளும் ஒரே மையத்தில், பெரிய சர்வர்களில் வைக்கப்படும். சர்வர் என்றால், மற்ற கம்ப்யூட்டர்கள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர். கிளையில் காசாளர் முன் இருப்பது வெறும் ஜன்னல்தான். கணக்கு இருப்பது எங்கோ தொலைவில். எந்த ஊர் ஏ.டி.எம்.மிலும் பணம் எடுக்க முடிவது இதனால்தான். இந்த மையத்திற்குப் பெயர் "டேட்டா சென்டர்".

2. தூங்க முடியாத வங்கி

மையம் வந்ததும் அதன் மேல் சுமையும் ஏறியது. 2005 நவம்பரில் நெஃப்ட் முறை தொடங்கியது. அப்போது அலுவலக நேரத்தில் மட்டுமே பணம் அனுப்பலாம். 2010 நவம்பரில் ஐ.எம்.பி.எஸ். வந்தது. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் சேவையும் இரவு பகல் 24 மணி நேரமும் இயங்கத் தொடங்கியது.

யு.பி.ஐ. வளர்ந்த வேகத்தைப் பாருங்கள். 2019 அக்டோபரில்தான் ஒரு மாதப் பரிமாற்றங்கள் முதல்முறையாக 100 கோடியைத் தாண்டின. 2023 ஆகஸ்டில் அது 1,000 கோடியைத் தாண்டியது. நான்கே ஆண்டுகளில் பத்து மடங்கு! டீக்கடையில் 10 ரூபாய்க்கு ஸ்கேன் செய்தாலும், அது வங்கி சர்வருக்கு ஒரு முழு வேலைதான்.

இந்தச் சுமை ஒரே சீராகவும் வருவதில்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குத் தலா 1,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட நாளில் பணம் வரவு வைப்பது ஒரு வேலை. அத்துடன் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், இருப்பைப் பார்ப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஏ.டி.எம்.களில் குவிபவர்களைச் சமாளிக்க வேண்டும். அடுத்த வாரமே இந்தக் கூட்டம் இருக்காது. அந்த ஒரு நாளுக்காகச் சர்வர்களை வாங்கிக் குவித்தால், மற்ற நாட்களில் அவை சும்மாதான் கிடக்கும்.

3. கிளவுட் என்றால் என்ன?

நம் பகுதி விவசாயத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. இரண்டு ஏக்கர் நெல் வைத்திருப்பவர் அறுவடை மிஷினைச் சொந்தமாக வாங்குவாரா? மாட்டார். வாடகைக்கு வரவழைத்து, ஓடிய மணி நேரத்துக்குப் பணம் கொடுப்பார். மிஷினை நிறுத்த இடம் வேண்டாம், பழுது பார்க்க வேண்டாம், டிரைவருக்கு மாதச் சம்பளம் வேண்டாம்.

கிளவுட் கம்ப்யூட்டிங்கும் அதேதான். பெரிய நிறுவனம் ஒன்று டேட்டா சென்டர் கட்டி, ஆயிரக்கணக்கான சர்வர்களை வைத்திருக்கும். தேவைப்படுபவர்கள் இன்டர்நெட் அல்லது தனி லைன் வழியாக அவற்றை வாடகைக்கு எடுத்துக் கொள்ளலாம். உபயோகித்த அளவுக்குக் கட்டணம். அமேசான் நிறுவனம் 2006-ல் இத்தகைய வாடகைச் சேவையைத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் 2015-ல் புனே, சென்னை, மும்பை என மூன்று இடங்களில் இந்தியாவுக்கான கிளவுட் மையங்களைத் திறந்தது. எனவே "மேகம்" என்றதும் வானத்தைப் பார்க்காதீர்கள். அது மின்சாரமும் ஏ.சி.யும் காவலும் உள்ள ஒரு கட்டடம்தான்!

கிளவுடில் மூன்று வகைகளை நினைவில் வையுங்கள்.

பொது கிளவுட்: யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். ஒவ்வொருவர் டேட்டாவும் தனித்தனியாகப் பூட்டப்பட்டிருக்கும்.

தனி கிளவுட்: ஒரே நிறுவனத்தின் உபயோகத்திற்கு மட்டும்.

சமூக கிளவுட்: ஒரே தொழிலில் உள்ளவர்கள் சேர்ந்து உபயோகிப்பது. 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி, இந்திய நிதித் துறைக்கென்றே ஒரு கிளவுட் வசதி அமைக்கப்படும் என்றும், முதலில் தன் துணை நிறுவனமான இஃப்டாஸ் அதனை நிறுவும் என்றும் அறிவித்தது. சொந்தமாகப் பெரிய வசதிகளைக் கட்ட முடியாத சிறிய வங்கிகளை நினைத்துப் பார்த்தால், இதன் தேவை விளங்கும்.

4. வளைந்து கொடுக்கும் வேகம்

நிர்வாகப் படிப்பு படித்தவர்கள் "ஸ்ட்ராட்டஜிக் அஜிலிட்டி" என்பார்கள். பயந்துவிட வேண்டாம். சூழ்நிலை மாறும்போது ஒரு நிறுவனம் தன் திட்டத்தையும் சட்டென்று மாற்றிக்கொள்ளும் திறன், அவ்வளவுதான்.

பழைய முறையில் ஒரு வங்கிக்குக் கூடுதல் சர்வர் வேண்டுமென்றால் டெண்டர் விட வேண்டும், வாங்க வேண்டும், பொருத்த வேண்டும், சோதிக்க வேண்டும். மாதங்கள் ஓடிவிடும். கிளவுடில் கூடுதல் சர்வரைச் சில நிமிடங்களில் சேர்க்கலாம். கூட்டம் குறைந்ததும் விட்டுவிடலாம். கூட்டத்தைப் பார்த்துத் தானாகவே கூட்டிக் குறைக்கும் வசதியும் உண்டு. புதிய சேவை ஒன்றைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கவும் இது உதவும். சரிப்படாவிட்டால் வாடகையை நிறுத்திவிடலாம், நஷ்டம் குறைவு.

ஆனால் எல்லா நெருக்கடிக்கும் கூடுதல் சர்வர் தீர்வாகாது. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது, ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மத்திய அரசு மூன்று மாதங்களுக்கு மாதம் 500 ரூபாய் வழங்கியது. எல்லோரும் ஒரே நாளில் வந்தால் கிளைகளில் கூட்டம் தாங்காது. எனவே கணக்கு எண்ணின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் ஒதுக்கினார்கள். 0, 1 என்று முடிபவர்களுக்கு ஏப்ரல் 3. 2, 3 என்று முடிபவர்களுக்கு ஏப்ரல் 4. இப்படியே ஏப்ரல் 9 வரை. புதிய மிஷின் எதுவும் வாங்கவில்லை. கூட்டத்தை நாட்களாகப் பிரித்தார்கள். இதுவும் வளைந்து கொடுக்கும் வேகம்தான்! கம்ப்யூட்டர் உலகில் இதனைச் சுமையைப் பகிர்தல் என்போம்.

இன்னொரு உதாரணம், வங்கிகளின் இணைப்பு. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பல்லவன் கிராம வங்கியும், பாண்டியன் கிராம வங்கியும் 2019 ஏப்ரல் 1-ல் இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. சரியாக ஓராண்டு கழித்து, 2020 ஏப்ரல் 1-ல், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடன் இணைந்தது. காகிதத்தில் இணைப்பு ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டரில்? அலகாபாத் வங்கியின் கணக்குகளை இந்தியன் வங்கியின் அமைப்புக்குக் கொண்டு சேர்க்கும் பணி 2021 பிப்ரவரியில்தான் முடிந்தது. லட்சக்கணக்கான கணக்குகளில் ஒரு ரூபாய்கூட இடம் மாறக்கூடாதே! எனவே அவசரம் வேறு, வேகம் வேறு.

5. கொள்ளளவை மீறினால்?

வளரும் வேகத்துக்கு அடித்தளம் ஈடுகொடுக்காவிட்டால் என்ன ஆகும்? மூன்று நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

2020 நவம்பர் 21-ல் எச்.டி.எப்.சி. வங்கியின் முக்கிய டேட்டா சென்டரில் மின்சாரம் தடைப்பட்டு, சேவைகள் பாதிக்கப்பட்டன. அதற்கு முன்பும் சில தடங்கல்கள் நேர்ந்திருந்தன. அடுத்த மாதமே, புதிய டிஜிட்டல் சேவைகளைத் தொடங்குவதையும் புதிய கிரெடிட் கார்டு வழங்குவதையும் தற்காலிகமாக நிறுத்தும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கட்டுப்பாடுகள் முழுமையாக நீங்க 2022 மார்ச் ஆயிற்று.

2024 ஏப்ரல் 24-ல் கோட்டக் மகிந்திரா வங்கி இதே போன்ற தடையைச் சந்தித்தது. வங்கியின் வளர்ச்சிக்கு ஏற்ற கம்ப்யூட்டர் அமைப்பைக் கட்டவில்லை என்பது ரிசர்வ் வங்கி சொன்ன காரணங்களில் ஒன்று. இந்தத் தடை 2025 பிப்ரவரியில் நீக்கப்பட்டது.

2025 ஏப்ரல் 12-ல் நாடு முழுவதும் யு.பி.ஐ. தடுமாறியது. முடிந்ததா, முடிந்ததா என்று பரிமாற்றத்தின் நிலையைக் கேட்டு வங்கிகளிடமிருந்து வந்த கேள்விகள் வெள்ளம்போல் குவிந்தது இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. அமைப்பு பிறகு சில வரம்புகளை விதித்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு ஆப்பில் ஒருவர் ஒரு நாளில் 50 முறைதான் இருப்பைப் பார்க்கலாம் என்பது அவற்றில் ஒன்று. எவ்வளவு பெரிய அமைப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு இது சாட்சி.

6. வாடகை மிஷின் நின்றால்...

அறுவடை மிஷின் உதாரணத்திற்கே திரும்புவோம். ஊரில் எல்லோரும் ஒரே மிஷினை நம்பியிருக்கிறார்கள். அது பழுதானால் எல்லோர் வயலும் காத்திருக்கும். கிளவுடுக்கும் இந்த ஆபத்து உண்டு.

சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்பது பல கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கம்ப்யூட்டர் சேவை வழங்கும் நிறுவனம். 2024 ஜூலை இறுதியில் ரான்சம்வேர் தாக்குதலால் அதன் அமைப்புகளில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டது. ரான்சம்வேர் என்றால் நம் பைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் நச்சு புரோகிராம். நோய் பரவாமல் இருக்க, என்.பி.சி.ஐ. ஜூலை 31-ல் அந்த நிறுவனத்தைப் பணப் பரிமாற்ற நெட்வொர்க்கிலிருந்து துண்டித்தது. சுமார் 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. மறுநாள் சோதனைக்குப் பிறகு இணைப்பு திரும்பத் தரப்பட்டது.

கவனியுங்கள். ஒரு நிறுவனத்தில் நேர்ந்த பழுது, நூற்றுக்கணக்கான வங்கிகளை நிறுத்தியது. தனித்தனி லெட்ஜர் காலத்தில் இப்படி நடந்திருக்காது. அதே சமயம், அந்தச் சிறிய வங்கிகள் தனியாகச் சர்வர் வைத்து யு.பி.ஐ. சேவை தந்திருக்க முடியுமா என்பதும் நியாயமான கேள்வி. பகிர்ந்தால் செலவு குறையும், ஆபத்தும் பகிரப்படும். இரண்டையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

7. மலைக்கு மேலே என்ன நடக்கிறது?

இப்போது கல்வராயன் மலைக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. இதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகக் கல்வராயன் மலை. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மேலே ஏறினால் ஒன்றியத் தலைமையிடமான வெள்ளிமலை. மலையாளிப் பழங்குடி மக்கள் சிதறிய சிற்றூர்களில் வாழ்கிறார்கள். ஒவ்வொரு சிற்றூரிலும் வங்கிக் கிளை திறப்பது நடக்காத காரியம்.

இத்தகைய இடங்களுக்காகவே ரிசர்வ் வங்கி 2006-ல் வங்கி முகவர்களை அனுமதித்தது. முகவர் கையில் "மைக்ரோ ஏ.டி.எம்." என்ற சிறிய கருவி இருக்கும். ஆதார் எண்ணைச் சொல்லி, விரலை வைத்தால் பணம் கிடைக்கும். பார்க்க எளிதுதான். ஆனால் அந்தச் சில நொடிகளில் உள்ளே நடப்பது இவ்வளவு:

முதல் படி: கருவி விரல் ரேகையை எடுத்து, டவர் சிக்னல் வழியாக முகவரின் வங்கிக்கு அனுப்புகிறது.

இரண்டாம் படி: அந்த வங்கி என்.பி.சி.ஐ.க்கு அனுப்புகிறது.

மூன்றாம் படி: ரேகை சரியா என்று ஆதார் ஆணையத்தின் சர்வர் சரிபார்க்கிறது.

நான்காம் படி: வாடிக்கையாளரின் வங்கி இருப்பைப் பார்த்து, பணத்தைக் கழிக்கிறது.

ஐந்தாம் படி: "சரி" என்ற பதில் வந்த வழியே மலை ஏறுகிறது. முகவர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்.

நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் இடையில் சிக்னல் போனால்? கணக்கில் பணம் கழிந்திருக்கும். கையில் பணம் வந்திருக்காது! கிளவுடில் எத்தனை சர்வர்களைக் கூட்டினாலும் இந்தக் கடைசி இணைப்பு சரியாகாது. டவர், மின்சாரம், கருவியின் பேட்டரி, முகவர் கையில் ரொக்கம் ஆகிய நான்கும் மலை மேலேதான் இருக்க வேண்டும். வங்கியின் வேகத்தை மும்பையிலோ சென்னையிலோ அளக்கக்கூடாது. வெள்ளிமலையில் கூலிப் பணம் கைக்கு வந்து சேரும் நேரத்தில்தான் அளக்க வேண்டும்.

8. பொறுப்பு யாருக்கு?

"கிளவுட் நிறுவனத்தில் கோளாறு, நாங்கள் என்ன செய்வது?" என்று வங்கி சொல்ல முடியுமா? முடியாது. கம்ப்யூட்டர் பணிகளை வெளியாரிடம் ஒப்படைப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரல் 10-ல் விதிகளை வெளியிட்டது. அவை அதே ஆண்டு அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் சாரம் இதுதான்: வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. சேவை நிறுவனத்தைத் தணிக்கை செய்ய வழி இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தை விட்டு வெளியேற நேர்ந்தால் என்ன செய்வது என்று முன்பே திட்டமிட வேண்டும். இதற்கும் முன்பே, 2018 ஏப்ரல் 6-ல், பணப் பரிமாற்ற டேட்டா இந்தியாவுக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

வாடிக்கையாளருக்கான பாதுகாப்பும் உண்டு. 2019 செப்டம்பர் 20-ல் ரிசர்வ் வங்கி காலக்கெடுகளை வகுத்தது. ஏ.டி.எம். அல்லது மைக்ரோ ஏ.டி.எம்.மில் பணம் கழிந்தும் கைக்கு வராவிட்டால், 5 நாட்களுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. யு.பி.ஐ.யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் இதற்கும் அதே 100 ரூபாய்தான். நாம் கேட்காமலேயே இந்த இழப்பீட்டைத் தர வேண்டும் என்பது விதி. ஆனாலும் கேட்கத் தெரிந்திருப்பது நல்லது!

9. நீங்களே செய்து பாருங்கள்

கிளவுடைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சிறு சோதனை.

உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, ஷீட்ஸ் என்ற பகுதியைத் திறந்திடுங்கள். புதிய தாளில் இந்த மாத வீட்டுச் செலவுகளை டைப் செய்திடுங்கள். இப்போது மொபைலில் அதே கணக்கில் அதே தாளைத் திறந்திடுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு தொகையை மாற்றினால் மொபைலிலும் மாறும். தாள் இருப்பது உங்கள் கம்ப்யூட்டரில் அல்ல, தொலைவில் உள்ள சர்வரில். கோர் பேங்கிங்கும் இதே தத்துவம்தான்.

அடுத்து, கம்ப்யூட்டரின் இன்டர்நெட் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு இன்னொரு தொகையை மாற்றிப் பாருங்கள். அந்த மாற்றம் மொபைலுக்குப் போகாது. சர்வரில் எந்தக் கோளாறும் இல்லை. இடையில் உள்ள பாதைதான் இல்லை. மலையில் முகவர் முன் நிற்பவரின் நிலை இதுவே.

10. நினைவில் வைக்க வேண்டியவை

* வங்கியின் தளத்திற்குப் போகும்போது முகவரியைக் கவனியுங்கள். இந்திய வங்கிகள் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கூறியது. வேறு முடிவு இருந்தால் பாஸ்வேர்டு தரும் முன் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

* "வங்கி கிளவுடுக்கு மாறுகிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது போன் செய்தால் உடனே துண்டித்திடுங்கள். சர்வர் மாற்றத்திற்கு உங்கள் ஓ.டி.பி. தேவையே இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்திடுங்கள்.

* பரிமாற்றம் பாதியில் நின்றால் உடனே மறுபடி முயல வேண்டாம். முதலில் இருப்பைச் சரிபாருங்கள். தேதி, நேரம், தொகை, பரிமாற்ற எண் நான்கையும் எழுதி வையுங்கள். முகவரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள்.

* முதலில் உங்கள் வங்கியில் எழுத்து மூலம் புகார் செய்திடுங்கள். 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. விவரங்களுக்கு 14448.

* பாஸ்புக்கில் அவ்வப்போது பதிவு செய்து வாருங்கள். சர்வர் நிற்கும் நாளில் உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

வீட்டில் கம்ப்யூட்டர் உள்ளவர் நீங்கள். உங்கள் தெருவிலோ, உறவிலோ, மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வருபவர்களிலோ, "பணம் கழிந்துவிட்டது, கையில் வரவில்லை" என்று சொல்பவர் ஒருவராவது இருப்பார். அவருக்காக ஒரு புகார்க் கடிதம் டைப் செய்து, பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். வாங்கிய கம்ப்யூட்டருக்கு அது நல்ல உபயோகம்.